நூற்றிருபதுக்கு ஒன்று

எங்கள் தோட்டத்தில் எஞ்சினியர் என்று ஒருவர் இருந்ததில்லை. எஞ்சின் டிரைவர் இருந்தார். காலையில் ஃபெக்டரி எஞ்சினை எழுப்புவது, அறுந்த பெல்ட்டை மாட்டுவது, கரண்ட் போனால் எங்கிருந்தாலும் ஓடிவருவது எல்லாம் அவர் வேலை. காக்கிச் சட்டை, காதில் பென்சில், கையில் எப்போதும் ஒரு கிரீஸ் துணி. நாலாம் வகுப்பில் நான் "பெரியாளானா எஞ்சினியர் ஆவேன்" என்று சொன்னபோது அம்மாவின் கண்ணுக்குத் தெரிந்தது அவர்தான். கூரைக்குக் கீழே வேலை, மழையில் நனைய வேண்டாம், அட்டை கடிக்காது என்று அம்மாவுக்கு நிறைந்த சந்தோஷம். அந்தக் கணக்கு அடியோடு பிழைத்துப்போனது. இருபத்தைந்து வருசத்துக்கு மேலாக நான் செய்கிற வேலை மலைச்சரிவில். மழை பெய்கிற நாளில்தான் போன் அடிக்கும். அட்டையும் கடிக்கும்.

தோட்டம் புசல்லாவைக்கு மேலே. கம்பளையிலிருந்து நுவரெலியா போகிற வீதியில் கிளை பிரிந்து ஏற வேண்டும். நான் பிறந்தது 1972இல். விவரம் தெரிந்த நாளில் மலைக்கு அந்தப் பக்கமிருந்து வெடிச்சத்தம் வரும், எங்கள் லயத்து வரிசை வீடுகளின் தகரம் அதிரும். கொத்மலை அணை கட்டிக்கொண்டிருந்தார்கள். சுவீடன் அரசின் உதவி, ஸ்கன்ஸ்கா என்ற சுவீடன் கம்பனியின் வேலை. கல்லை 87 மீற்றர் உயரத்துக்குக் குவித்து, தண்ணீர்ப் பக்கத்து முகத்துக்குக் கொன்கிரீட் போர்த்தி, 1985இல் முடித்தார்கள். தோட்டப் பள்ளியில் ஐந்து வகுப்புக்கும் ஒரே கூடம், ஒரே மாஸ்டர். ஒரு சனிக்கிழமை எங்களை வரிசையாக நடத்திக் கூட்டிப்போய் ஒரு திருப்பத்தில் நிறுத்திக் காட்டினார். கீழே மஞ்சள் தொப்பிகள் எறும்பு மாதிரி ஊர்ந்தன. "ஆத்தை நிப்பாட்டுறான் பாருங்கடா, அவன்தான் எஞ்சினியர்" என்றார். அன்றைக்கு எஞ்சின் டிரைவர் என் மனசிலிருந்து இறங்கிவிட்டார். ஆற்றை நிறுத்துகிறவன் ஆக வேண்டும்.

அப்பா கான் வெட்டும் கூட்டத்தில் இருந்தார். தேயிலை மலையைத் தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்குச் செடியின் நிரை மட்டுமே தெரியும். நிரைகளுக்கு நடுவே, சரிவைக் குறுக்கே வெட்டிக்கொண்டு, ஒன்றரை அடி ஆழத்தில் கான்கள் ஓடுவது கிட்டப் போனால்தான் தெரியும். மலையில் விழுகிற மழையை அங்கங்கே பிடித்து, மண்ணை வழியிலுள்ள குழிகளில் இறக்கிவிட்டு, தண்ணீரை மட்டும் மெதுவாக நடத்திக் கல்லுப் பதித்த பெரிய கானுக்குக் கொண்டுபோய் விட வேண்டும். கான் மட்டமாக இருந்தால் தண்ணீர் தேங்கி உடைக்கும். சாய்வு கூடினால் ஓடுகிற தண்ணீரே கானை அரித்து ஓடையாக்கிவிடும். இரண்டுக்கும் நடுவே தோட்டங்களில் வைத்திருந்த அளவு 120க்கு 1. நூற்றிருபது அடி நடந்தால் ஒரு அடி இறங்க வேண்டும். வெறுங்கண்ணுக்கு அது சாய்வாகவே தெரியாது.

அதைப் பிடிப்பதற்கு ட்ரேசர் என்று ஒரு கருவி இருந்தது. ஆள் உயரக் கம்பு, அதில் ஒரு முக்கோணச் சட்டம் தொங்கும், சட்டத்தின் அடியில் ஒரு பித்தளைக் குழாய். குழாயின் ஒரு முனையில் ஊசித்துளை, மறுமுனையில் சிலுவை மாதிரிக் குறுக்குக் கம்பி. குழாயோடு சேர்ந்து ஒரு கனத்த எடை, பல்சக்கரத்தைத் திருகினால் முன்னும் பின்னும் நகரும். எடை நடுவில் இருந்தால் குழாய் மட்டமாகத் தொங்கும். எடையை நகர்த்தி 120 என்று பொறித்த கோட்டுக்குக் கொண்டுவந்தால் குழாய் அந்த அளவுக்கு மட்டும் தலை சாய்க்கும். கணக்கப்பிள்ளை துளைக்குள் கண்ணை வைப்பார். அப்பா அதே உயரத்தில் வட்டத் தகடு பூட்டிய இன்னொரு கம்போடு முன்னால் போய் நிற்பார். "மேலே ஏறு... இன்னும்... கீழே வா... நில்லு!" குறுக்குக் கம்பி தகட்டின் நடுவில் விழுந்த இடத்தில் ஒரு குச்சி அடிப்பார்கள். குச்சிக்குக் குச்சி மலையைச் சுற்றிப்போகும் அந்த வரி. பள்ளி விடுமுறையில் குச்சிக்கட்டைச் சுமந்து நடந்தது நான்தான். அது எஞ்சினியரிங் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. மாஸ்டருக்கே தெரிந்திருக்காது. எஞ்சினியர்மார் அந்தப் பக்கத்து மலையில் மஞ்சள் தொப்பியோடு இருந்தார்கள், நாங்கள் இந்தப் பக்கம் கான் வெட்டினோம்.

புசல்லாவை சரஸ்வதி கல்லூரியில் சாதாரண தரம். உயர்தரத்துக்குக் கண்டி டவுனுக்கு வந்தேன். 1983 ஜூலைக் கலவரத்தில் எரிந்து மறுபடி கட்டியெழுப்பிய ஒரு பலசரக்குக் கடை, சொந்தக்காரர் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். மாடியில் மிளகாய் மூட்டைகளோடு நானும் படுத்தேன். கடை சாத்தியபிறகுதான் படிப்பு. மிளகாய் நெடிக்குத் தும்மிக்கொண்டே வகையீட்டுக் கணக்குச் செய்திருக்கிறேன். இன்றைக்கும் தொகையீட்டுக் குறியைப் பார்த்தால் மூக்கு அரிக்கிறது.

அந்தக் காலத்தில் கணிதப் பிரிவுக்கு நான்கு பாடம்: தூய கணிதம், பிரயோக கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல். நான்கின் புள்ளியையும் கூட்டி 400க்கு எவ்வளவு என்பதுதான் தலையெழுத்து. இப்போது மூன்று பாடம், இணைந்த கணிதம், இசட் புள்ளி என்று மாறிவிட்டது. தசம தானம் கூடியிருக்கிறது, தலையெழுத்து அதேதான். அந்தக் கூட்டுத்தொகை தனியாக ஒன்றையும் தீர்மானிக்காது. நீ எந்த மாவட்டத்திலிருந்து பரீட்சை எழுதினாய் என்பதையும் சேர்த்தே தீர்மானிக்கும். இன்றைய முறையில் பொறியியல் போன்ற பீடங்களின் இடங்களில் 40 வீதம் நாடு முழுவதற்குமான தகுதி வரிசை, 55 வீதம் மாவட்டச் சனத்தொகைப்படி, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாக. நுவரெலியா பின்தங்கிய மாவட்டம். கண்டி அப்படியில்லை. அரசாங்கத்தின் கண்ணில் கண்டி என்றால் டவுன், நூற்றாண்டு கண்ட பெரிய கல்லூரிகள், ஆய்வுகூடங்கள். எங்கள் தோட்டமும் அதே கண்டிதான். வீதியில் சில மைல் மேலே போனால் எல்லைப் பலகை, அதற்கு அந்தப் பக்கத்து லயமும் எங்கள் லயம் மாதிரியே ஒழுகும். ஆனால் அங்கிருந்து எழுதுகிற பிள்ளைக்கு வேறு வெட்டுப்புள்ளி. அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைத்ததை நான் குறை சொல்ல மாட்டேன், அது அவர்களுக்கு வர வேண்டியதே. கோடு கீறியவர் மலையைப் பார்த்திருக்கலாம் என்பது மட்டும்தான் என் கோபம்.

முதல் தடவை 11 புள்ளியால் போனது. இரண்டாம் தடவை எழுதினேன். "செக்கண்ட் ஷை" என்போம். அந்த ஒரு வருசம் கடையில் பகல் முழுக்க நின்று பருப்பு நிறுத்தேன். பல்கலைக்கழக அனுமதிக் கடிதம் வந்தபோது அப்பாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. கடிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல பேர் சரியா இருக்கா பாரு" என்றார். பிரசாவுரிமைக் காகிதத்துக்காகக் கச்சேரி வாசலில் வருசக்கணக்கில் நின்ற மனுசன். காகிதம் என்றால் முதலில் பேரைத்தான் பார்ப்பார்.

பேராதனையில் பல்கலைக்கழகத்தின் பெரும்பகுதி மகாவலிக்கு ஒரு கரையில், பொறியியல் பீடம் மறுகரையில். 1950இல் கொழும்பில் தொடங்கிய பீடம் அறுபதுகளின் நடுவில் இங்கே வந்தது. அக்பார் பாலத்தில் நடந்து ஆற்றைக் கடக்கலாம். பக்கத்தில் சரசவி உயன ரயில் நிலையம். பேராதனைப் பாலம் என்றாலே எங்களுக்கு ஒரு விரிவுரையாளர் சொல்வது ஞாபகம் வரும்: 1833இல் இந்த ஆற்றின் குறுக்கே முதிரை மரத்தால் ஒற்றை வளைவில் 205 அடிக்கு ஒரு பாலம் கட்டினார்கள், எழுபது வருசத்துக்கு மேல் நின்றது, நீங்கள் கட்டுகிறதும் அவ்வளவு காலம் நிற்குமா என்று பாருங்கள் என்பார்.

முதல் வருசம் பாதிப் பேருக்கும் ஒரே வியாதி, மொழி. தமிழில் அமுக்கம், தகைப்பு, விகாரம், உராய்வு என்று வெறிபிடித்த மாதிரிப் படித்துவிட்டு வந்து, எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் மறுபடி ஆரம்பத்திலிருந்து. கணக்குத் தெரியும், கேள்வி என்ன கேட்கிறது என்று தெரியாது. சிங்களப் பையன்களுக்கும் இதே பாடுதான், அதனால் ஒரு சகோதரத்துவம் உண்டானது. எங்களைக் காப்பாற்றியது குப்பி. பேட்சில் ஒரு பாடம் நன்றாக விளங்கிய ஒருவன் இரவில் மற்றவர்களை உட்கார வைத்துச் சொல்லித்தருவதற்கு இலங்கைக் கெம்பஸ்களில் அதுதான் பெயர். என்னைக் கேட்டால் குப்பி என்பது லயத்தில் மண்ணெண்ணெய்ப் போத்தலின் மூடியில் துளையிட்டுத் திரி போட்ட விளக்கு. ஐந்தாம் வகுப்பு புலமைப்பரிசிலுக்கு அதன் வெளிச்சத்தில்தான் படித்தேன். காலையில் மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும். கெம்பஸில் "இன்னிக்கு மெக்கானிக்ஸ் குப்பி" என்று முதல் தடவை கேட்டபோது, இங்கேயும் கரண்ட் இல்லையா என்று நினைத்துவிட்டேன்.

இரண்டாம் வருசம் நில அளவைப் பாடம். நூலகத்தில் ஒரு பழைய இந்தியப் புத்தகம், அட்டை போனது. சாய்வு அளக்கும் கருவிகள் என்ற தலைப்பில் அரைப் பக்கம், ஒரு கோட்டுப்படம். முக்கோணச் சட்டம், தொங்கும் குழாய், நகரும் எடை. கீழே பெயர்: சிலோன் காட் ட்ரேசர். மலைப்பாதைகளின் சாய்வைக் குறிக்கும் கருவிக்கு எங்கள் நாட்டின் பெயரே இருந்திருக்கிறது. வகுப்பில் அந்தப் பக்கத்தை விரிவுரையாளர் "இதெல்லாம் இப்ப மியூசியத்துக்கு" என்று தாண்டிவிட்டார். அவர் சொன்னது நியாயம், எங்களுக்கு முன்னால் மேசையில் நல்ல ஜப்பான் லெவல் இருந்தது. ஆனாலும் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பன்னிரண்டு வயதில் குச்சிக்கட்டோடு எஞ்சினியரிங்குக்குப் பக்கத்தில் நடந்துகொண்டே, எஞ்சினியர் ஆக ஆசைப்பட்டிருக்கிறேன்.

மண் பொறியியலுக்கு என்னைத் தள்ளியது ஒரு பெயர். என் அறையில் இருந்தவன் பருத்தித்துறைப் பக்கத்துப் பையன். 1994இல் ஒருநாள் முகம் வாடி வந்தான். "துரைராசா சேர் மோசம் போயிட்டாராம், மச்சான்." பேராசிரியர் அழகையா துரைராசா. எங்கள் பீடத்தில் பேராசிரியராகவும் பீடாதிபதியாகவும் இருந்து, பிறகு போர்க்காலத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குத் துணைவேந்தராகப் போனவர். நான் அவரைக் கண்டதேயில்லை. அவன் சொன்னதைக் கேட்டு நூலகத்தில் தேடினேன். 1963ஆம் ஆண்டு ஜியோடெக்னிக் சஞ்சிகையில் ஒரு கட்டுரை, ரோஸ்கோ, ஸ்கோஃபீல்ட், துரைராசா என்று மூன்று பெயர். கேம்பிரிட்ஜில் கேம் ஆற்றின் பெயரை வைத்த களிமண் மாதிரிக்கு அடித்தளம் போட்டவற்றில் ஒன்று. களிமண்ணை அமுக்கி நழுவவிடும்போது அதற்குள் செலுத்திய ஆற்றல் எங்கே போய்ச் சேருகிறது என்று அவர் பரிசோதனை செய்து கணக்குப் பார்த்திருந்தார். உலகத்தில் எந்த நாட்டு மாணவன் மண் பொறியியல் மேற்படிப்புப் படித்தாலும் அந்த மாதிரியைத் தொடாமல் போக முடியாது. அதில் ஒரு தமிழ்ப் பெயர், அதுவும் எங்கள் தாழ்வாரத்தில் நடந்த ஒருவருடையது. அன்றைக்குக் கட்டுரையில் எனக்கு விளங்கியது நாலு வரி. மற்றதை விளங்கிக்கொள்ள ஆறு வருசம் ஆனது.

மண்ணுக்குப் பலம் எங்கிருந்து வருகிறது என்பதை மாணவர்களுக்குச் சொல்ல நான் இப்போது ஒரு தேயிலைப் பைக்கற்றைக் கொண்டுபோவேன். காற்றை உறிஞ்சி அடைத்தது, செங்கல் மாதிரி இருக்கும், மேசையில் தட்டினால் சத்தம் கேட்கும். ஒரு ஊசியால் குத்துவேன். உஸ்ஸென்று காற்று உள்ளே போகும், செங்கல் தளர்ந்து பொலபொலவென்று ஆகிவிடும். தேயிலை அதே தேயிலை, நிறை அதே நிறை. தூள்களை ஒன்றோடொன்று நெருக்கிவைத்த அமுக்கம் மட்டும் போய்விட்டது. மலையில் காற்றுக்குப் பதில் தண்ணீர். மண்மணிகளுக்கு நடுவே தண்ணீர் ஏற ஏற அது மணிகளை விலக்கித் தள்ளும், பிடிப்பு விடும், மலை இறங்கும். கார்ல் டெர்சாகி நூறு வருசத்துக்கு முன் கண்டுபிடித்துச் சொன்னது இதுதான்.

படித்துத் தெரிந்த இதை நான் செய்யாமல் விட்ட கதையையும் சொல்ல வேண்டும். பட்டம் வாங்கி முதல் வேலை ஒரு ஒப்பந்தக்காரரிடம், மலைப்பாதை அகலப்படுத்தும் வேலை. 22 மீற்றர் நீளத்துக்குக் கருங்கல் தாங்குசுவர், உயரம் 4 மீற்றர். வரைபடத்தில் எல்லாம் சரி: ஒன்றரை மீற்றருக்கு ஒரு குழாய், சுவருக்குப் பின்னால் ஒரு அடி அகலத்துக்குச் சுத்தமான மெட்டல் கல். மெட்டல் போடவேண்டிய இரண்டு நாளும் நான் மாதப் பில்லுக்கு அளவு எழுத ஒஃபிஸில் உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்தபோது பின்பக்கம் மேல்வரை நிரம்பிச் சமமாகியிருந்தது. மேலாக ஒரு கூடை மெட்டல் தெரிந்தது. கீழே என்ன இருக்கிறது என்று ஒரு அடி தோண்டிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. கையெழுத்துப் போட்டேன். கீழே முழுக்க மலையை வெட்டிய களிமண்ணை வாரிக் கொட்டியிருந்தார்கள்.

ஒக்டோபர் மழையில் முதலில் குழாய்களைப் பார்த்தேன். ஒன்றிலிருந்தும் ஒரு சொட்டு வரவில்லை. இவ்வளவு மழைக்கும் சுவர் காய்ந்து நிற்கிறதே என்று முட்டாள்தனமாகச் சந்தோஷப்பட்டேன். மேசன் பாஸ், வயசான சிங்களவர், என் பக்கத்தில் வந்து நின்று மெதுவாக, "மாத்தயா, சுவருக்கு வேர்க்கல்லையே" என்றார். நாலு மீற்றருக்குத் தண்ணீர் தேங்கினால் சுவரின் ஒவ்வொரு மீற்றர் நீளத்தையும் ஏறக்குறைய 8 தொன் தள்ளும். மூன்றாம் நாள் நடுவில் வயிறு தள்ளியது, ஐந்தாம் நாள் 6 மீற்றர் நீளம் வீதியில் கிடந்தது. விடியற்காலை, ஆள் யாரும் இல்லை. அந்த "யாரும் இல்லை"யை நினைத்தால் இன்றைக்கும் கை சில்லிடும்.

உடைத்து மறுபடி கட்டினோம். எனக்கு விளக்கம் கேட்டுக் கடிதம், ஒரு மாதச் சம்பளம் நிறுத்தம். லீவில் போய் அப்பாவிடம் சொன்னேன். தோட்டத்தில் ஒரு நாள் வேலை முடித்தால் செக்ரோலில் ஒரு பேர் போடுவார்கள், வேலை குறைந்தால் அரைப் பேர். முழுக் கதையையும் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "கட்டி முடிச்ச நாளைக்கு அரைப் பேரா, முழுப் பேரா?" அவருக்கு நக்கல் வராது, உண்மையாகவே கேட்டார். எனக்குத்தான் சுருக்கென்றது.

அதற்குப் பிறகு கட்டுகிற வேலையை விட்டுத் துளைக்கிற வேலைக்குப் போனேன். மண் பரிசோதனை. மூன்றுகால் சட்டத்தைத் துண்டு துண்டாகக் கழற்றி ஆட்கள் தோளில் மலை ஏற்றுவார்கள். 63.5 கிலோ சுத்தியலை 76 சென்றிமீற்றர் உயரத்திலிருந்து விட்டுக் குழாயை மண்ணுக்குள் அடிக்க வேண்டும். 15 சென்றிமீற்றருக்கு எத்தனை அடி, அடுத்த 15க்கு எத்தனை, மூன்றாவது 15க்கு எத்தனை. முதல் எண்ணைத் தள்ளிவிட்டு மற்ற இரண்டையும் கூட்டினால் மண்ணின் குணம் தெரியும். உலகமெங்கும் இதே சுத்தியல், இதே உயரம். எண்ணுகிறவன் நேர்மையாக எண்ணினால் இதைவிட எளிய சோதனை கிடையாது. மாலை நாலு மணிக்கு, மழைக் குளிரில், கயிறு இழுத்துக் கை மரத்துப்போனவன் உயரத்தை ஒரு சாண் குறைத்து விடுவான், எண் கூடிவிடும், மண் கெட்டியாகத் தெரியும். அதனால் எஞ்சினியர் ஜீப்புக்குள் உட்காரக் கூடாது. கயிற்றுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். என்னிடம் வருகிற பயிற்சிப் பிள்ளைகளுக்கு நான் கொடுக்கும் முதல் வேலை, ஒரு நாள் முழுக்க அடி எண்ணுவது. பாதிப் பேருக்கு என்னைப் பிடிக்காமல் போவது அன்றைக்குத்தான்.

நம் மலைகளில் இன்னொரு சூதும் உண்டு. பழைய சரிவு மண்ணுக்குள் வீட்டளவு கற்கள் கிடக்கும். துளை கல்லில் முட்டினால் "பாறை வந்துருச்சு, நிப்பாட்டலாம்" என்பார்கள். ஒரு மீற்றர் துளைக்கு என்ன விலை என்று தெரிந்தவர்கள் அதை ஆவலோடு ஏற்றுக்கொள்வார்கள். ஓரிடத்தில் 4 மீற்றரில் முட்டியது. இன்னும் 3 மீற்றர் போங்கள் என்று நின்றுகொண்டேன், சண்டையே வந்தது. ஒன்றரை மீற்றர் கல் முடிந்ததும் துரப்பணம் சட்டென்று உள்ளே இறங்கியது. கீழே சேறு. அந்தக் கல்லின் மேல் ஒரு மூன்று மாடிக் கட்டடத்தை வைக்க இருந்தார்கள்.

அப்பாவின் கான்கள் எல்லாவற்றுக்கும் மருந்து என்று நான் சொல்ல வரவில்லை. மேல்தோலில் ஓடுகிற தண்ணீரை அவை நடத்தும், ஆழத்தில் ஏறிக்கொண்டிருக்கிற தண்ணீருக்கு அவை எட்டாது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வட்டவளையில் பதுளை ரயில்பாதையை மலை தள்ளிக்கொண்டேயிருந்தது. கடைசியில் அதை அடக்கியது, சரிவுக்கு அடியில் வளைத்து நீளமாகத் துளையிட்டு இறக்கிய வடிகால் குழாய்கள். சுவரில்லை, தண்ணீருக்கு வழிதான். அந்த வேலையைப் பற்றிய கட்டுரையைப் படித்தபோது, அதுவும் ஒரு வகைக் கான் வெட்டுத்தானே என்று தோன்றியது. கணக்கு மட்டும் வேறு.

மேல்தோல் கான்களின் கதி இப்போது என்ன? 1992இல் தோட்டங்கள் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போன பிறகு நான் நடந்து பார்த்த மலைகளில் கான் வாருவதற்கென்று ஆளை ஒதுக்குவது குறைந்துகொண்டே வந்தது. கொழுந்து கிலோவில் நிறுக்கலாம், வாரிய கானை எதில் நிறுப்பது? மண் மூடி, மானாப்புல் முளைத்து, அதன் மேலேயே தோட்டம் போட்டிருக்கிறார்கள். 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியது. அதற்குக் காரணம் இது ஒன்றுதான் என்று சொன்னால் பொய்யாகிவிடும். ஆனால் அதற்குப் பிறகு எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் நான் முதலில் லயத்துக்கு மேலே ஏறி, தண்ணீர் எங்கே போகிறது என்றுதான் பார்க்கிறேன். லயங்களை எங்கே கட்டினார்கள் என்று பாருங்கள். தேயிலைக்கு ஆகாத பள்ளம், ஓடை ஓரம், செங்குத்தின் அடிவாரம்.

போன வருசம் எங்கள் பழைய தோட்டத்திலிருந்து தங்கச்சி முறைக்காரியின் மகள் கண்டிக்கு வீட்டுக்கு வந்தாள். உயர்தரம் கணிதப் பிரிவு. பையைத் திறந்து இணைந்த கணித வினாத்தாள் எடுத்தாள், கூடவே ஒரு தாளில் கேள்விகள் வரிசையாக எழுதியிருந்தாள். பேராதனை கிடைக்காவிட்டால் மொறட்டுவை, ருகுணு, கிளிநொச்சி, ஒலுவில், எங்கே எந்தப் பிரிவு? ஒன்றுமே கிடைக்காவிட்டால்? பொல்கொல்லையில் திறந்த பல்கலைக்கழகத்தின் கண்டி நிலையம் இருக்கிறது, வேலை செய்துகொண்டே பொறியியல் பட்டம் எடுக்கலாம், உயர் தேசிய டிப்ளோமா இருக்கிறது, அதற்குப் பிறகு பட்டயப் பொறியியலாளர் வரைக்கும் வழி உண்டு என்று சொன்னேன். சுற்றுவழி, காலம் பிடிக்கும். என்னோடு வேலை செய்தவர்களில் சுவரைத் தட்டிப் பார்த்துக் குறை சொல்லத் தெரிந்த இரண்டு பேர் அந்த வழியில் வந்தவர்கள் என்பதையும் சொன்னேன். குறித்துக்கொண்டாள்.

பெட்டியிலிருந்து ட்ரேசர் குழாயை எடுத்துக் காட்டினேன். தோட்டத்துப் பழைய ஸ்டோரைக் காலிபண்ணியபோது பழைய இரும்பு விலைக்கு வாங்கியது. மரியாதைக்குக் கண்ணை வைத்துப் பார்த்தாள்.

"சிவில் செய்யலாம்னு இருக்கியாம்மா?"

"இல்ல மாமா. கம்பியூட்டர். இல்லாட்டி எலக்ட்ரோனிக்ஸ்."

காரணம் கேட்டேன். அவர்கள் லயத்துக்கு ஒரு மழைமானி கொடுத்திருக்கிறார்கள், பிளாஸ்டிக் குவளை, ஓரத்தில் நிறக்கோடு. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மஞ்சள், 100 செம்மஞ்சள், 150 வந்தால் சிவப்பு, வீட்டை விட்டு வெளியேற வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அளவுகள். பார்க்கிற பொறுப்பு அவளுடையது. "ராத்திரி ரெண்டு மணிக்கு நான் எழும்பி டோர்ச் அடிச்சுப் பாக்குறேன் மாமா. நான் தூங்கிட்டேன்னா? 75 வந்ததும் அதுவே எல்லாருக்கும் போன் அடிக்கணும்." அப்படியான தானியங்கி மானிகள் நாட்டில் இருக்கின்றன என்றேன். "எங்க லயத்துல இல்லையே" என்றாள்.

அடுத்த வாரம் அந்தப் பக்கம் வேலை இருந்தது, போய் எட்டிப் பார்த்தேன். பிடித்த மழை விடவில்லை. லயத்துக்குப் பின்னால் அப்பா வெட்டிய கான் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. மானாப்புல், பம்பஸ், பிஸ்கட் உறை. பக்கத்து வீட்டில் மம்பட்டி வாங்கி வாரத் தொடங்கினேன், இடுப்பு பிடித்தது. அவள் ஒரு கையில் குடையும் மறு கையில் போன் வெளிச்சமுமாக நின்றாள். பத்தடி திறந்ததும் தேங்கி நின்ற தண்ணீர் எந்தப் பக்கம் போவது என்று கொஞ்சம் யோசித்துவிட்டு, இலைச்சருகைத் தள்ளிக்கொண்டு நகர்ந்தது. இத்தனை வருசத்துக்குப் பிறகும் வாட்டம் அப்படியே இருந்தது.

"இது சரிவாவே தெரியலையே மாமா."

"தெரியாது."

அவள் மழைமானிக்குக் கிட்டப் போய் வெளிச்சம் அடித்துக் குனிந்து பார்த்தாள். "நாப்பத்தொண்ணு. இன்னும் முப்பத்திநாலு இருக்கு" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனாள். மறுநாள் அவளுக்குப் பௌதிகவியல் தவணைப் பரீட்சை.